புது டயர் முன்னாலா, பின்னாலா

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். எந்த வண்டிக்கு எந்த அளவு டயர் என்பது பச்சை அட்டை நோட்டில் இருக்கிறது. காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைக் டயர் மாட்டும் காதர் பாய் நீங்கள் கேட்காமலே சொல்வார், இரண்டு திட்டும் சேர்த்து. அவற்றை நான் எழுதப் போவதில்லை. நான் எழுதுவது என்னுடைய ஒரு தவறைப் பற்றி. கடையில் வேறு யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். என் முகத்துக்காக மறைத்துவிடுவார்கள்.

என்னை எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ராயபுரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கணவர் இந்தக் கடையில் ஸ்டாக் பார்த்தார். அவர் காய்ச்சலில் போனபோது மகன் டேனியலுக்கு எட்டு வயது. முதலாளி அண்ணாச்சி ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடச் சம்பளத்தில் எப்படிப் பிள்ளையை வளர்ப்பீர்கள், அந்த நாற்காலியில் நீங்களே வந்து உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். துறைமுகத்து லாரிக்காரர்கள் டயர் வாங்க வந்தார்களா, பொம்பளை டயர் விற்பதை வேடிக்கை பார்க்க வந்தார்களா என்று முதல் ஆறு மாதம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் உப்பு லாரி விஷயம் நடந்தது. அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு வரும் லாரி ஒன்று. அதற்கு இரண்டு புது டயர் வாங்கினார்கள். பின்னால் பாரம் அதிகம், புதியதைப் பின்னால் போடுங்கள் என்று கிளீனர் சொன்னான். நானும் சரியென்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் எண்ணூர் சாலையில் முன் டயர் வெடித்து, ஸ்டியரிங் டிரைவரின் கையை விட்டுச் சுழன்று, லாரி கால்வாயில் இறங்கிவிட்டது. டிரைவருக்கு வலது கை மணிக்கட்டோடு மடங்கி, பிறகு நிமிரவே இல்லை. அவர் அதன் பிறகும் கடைப் பக்கம் வருவார். என்னைக் குற்றம் சொன்னதே இல்லை. இடது கையால் டீ குடித்துவிட்டுப் போவார்.

அன்றிலிருந்து நம் கடைக்கு ஒரு சட்டம் வந்தது. நான்தான் கொண்டு வந்தேன். புது டயர் முன்னால், பழையது பின்னால். யார் வந்து என்ன சொன்னாலும் சரி. லாரிக்கு அது நல்ல சட்டம்தான், இன்றைக்கும் அப்படியே செய்யுங்கள். பத்து வருஷம் அதை மாற்றாமல் நடத்தினேன். அந்தச் சட்டத்தால் எத்தனை பேர் கை தப்பியிருக்கும் என்று சில சமயம் மனதுக்குள் பெருமைப்பட்டதும் உண்டு.

பிறகு ரகுநாதன் வந்தார். கப்பல் சரக்கு கிளியரிங் செய்யும் குடும்பத்தில் இளையவர், முப்பது வயது இருக்கும். சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒரு சின்னக் காரைக் கடை வாசலில் நிறுத்தினார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணிக் கூரை, கம்பி வைத்த சக்கரம். நம் லாரி டயருக்குப் பக்கத்தில் அதன் டயரை வைத்தால் குழந்தைக்குப் போடும் வளையல் மாதிரி இருந்தது. காதர் பாய் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், மீதி வண்டி பின்னால வருதா?" என்று கேட்டார். ரகுநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. பாதிதான் வாங்க முடிந்தது பாய் என்றார்.

அவருக்கு வேண்டியது ஒரே செட் டயர். வாரம் முழுவதும் அதே காரில் துறைமுக ஆபீசுக்குப் போவார். பந்தய நாள் வந்தால் அதே காரில் சோழவரம் போய், பழைய விமானத் தளத்தின் சிமெண்ட் ஓடுபாதையில் ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்புவார். இரண்டுக்கும் பொருந்தும் டயர் எது என்று கேட்டார்.

கம்பெனிப் புத்தகத்தில் அந்த அளவுக்கு இரண்டு ரகம் இருந்தது. ஒன்று பந்தய ரகம். ரப்பர் மெத்தென்றிருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். சிமெண்டை அள்ளிப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கரையும், பட்டன் என்று நாம் சொல்லும் ரப்பர் கட்டங்களுக்கு நடுவே பள்ளமும் ஆழமில்லை. மழைத் தண்ணீரில் அதை நம்ப முடியாது. இன்னொன்று சாலை ரகம். ரப்பர் கெட்டி, பட்டன் ஆழம், வருஷக்கணக்கில் உழைக்கும். வேகத்தில் ஓட்டினால் சூடேறிப் பட்டன் பிய்ந்து பறக்கும் பயம் உண்டு. ரகுநாதன் கண் பந்தய ரகத்தின் மேலேயே இருந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பந்தயம் முடிந்த பிறகு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவீர்களா, ஓட்டிக்கொண்டு வருவீர்களா? ஓட்டிக்கொண்டுதான் என்றார். அப்படியானால் சாலை ரகம்தான் என்றேன். பந்தயத்தில் ஓடுவது கொஞ்ச நேரம். வீட்டுக்கு வரும் வழியில் மாடும் மழையும் சைக்கிளும் இருக்கும். டயரைத் திரும்பி வரும் வழிக்காக எடுங்கள், ஓடுபாதையில் சூட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன்.

இதை இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். ரோட்டுக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர் கேட்டு யாராவது வந்தால் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

சூட்டைப் பார்ப்பது யார்? ஓட்டுகிறவரால் முடியாது. ஐந்து சுற்றுக்கு ஒருமுறை காரை நிறுத்தச் சொல்லி, டயரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். கை தாங்கவில்லை என்றால் காரை ஓடுபாதையை விட்டு இறக்கிவிட வேண்டும். காற்றையும் அங்கே கூட்டி, திரும்பும்போது குறைக்க வேண்டும். அந்த ஆளையும் நானே சொன்னேன். டேனியல் அப்போது துறைமுக ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்தால் தூங்குவதைத் தவிர வேறு வேலை இல்லாதவன். என் மகனைக் கூட்டிப் போங்கள் என்றேன்.

ஒரு வருஷம் நன்றாகவே போயிற்று. டேனியல் முகமெல்லாம் தூசியோடு வீட்டுக்கு வந்து, எந்தச் சுற்றில் கை சுட்டது, எந்தச் சுற்றில் சுடவில்லை என்று எனக்கு ஒப்பிப்பான். படிக்கும்போது வாய்ப்பாடு ஒப்பிக்க அவனை அடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் வருஷம் பின் டயர் இரண்டும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன. அந்தக் காரில் என்ஜின் தள்ளுவது பின் சக்கரத்தை. அதனால் பின்னால்தான் சீக்கிரம் தேயும். முன்னவையும் அதைவிடக் கொஞ்சம்தான் நன்றாக இருந்தன. நான்கு டயருக்கு எழுதிப் போட்டோம். இறக்குமதி லைசென்ஸ் தகராறில் இரண்டுதான் வந்தது. புரட்டாசி முடியும் நேரம். வரும் ஞாயிறு சோழவரத்தில் பயிற்சி ஓட்டம். இரண்டு புது டயர், இரண்டு பழையது.

ரகுநாதன் கவுண்டரில் கையை ஊன்றி நின்றுகொண்டு, "பின்னாடிதானே தேய்ஞ்சிருக்கு டீச்சரம்மா, புதுசைப் பின்னாடி போட்டா என்ன?" என்று கேட்டார்.

நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பையனை எப்படிப் பார்ப்பேனோ அப்படி. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது, உங்களுக்கு என்ன தெரியும் என்று உப்பு லாரிக் கதையை முழுவதும் சொன்னேன். சொல்லிக்கொண்டே சீட்டையும் எழுதினேன். புதியது முன்னால். பழைய முன் டயர்களைக் கழற்றி ஸ்டெப்னிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. பின்னால் இருப்பது இருந்தபடி இருக்கட்டும், அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்ளலாம். அவர் சரி என்று தலையாட்டினார். காதர் பாய் மாட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. வருஷத்தின் முதல் பெரிய மழை. நான் கொடியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். ரகுநாதன் வீட்டு டிரைவர் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன் என்று அடுத்த வீட்டார் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

செங்குன்றம் ஏரிக்கரைத் திருப்பத்தில் கார் சுற்றிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் இடித்திருந்தது. இடித்தது இடது பக்கம். ரகுநாதனுக்கு நெற்றியில் ஒரு கீறல். டேனியலுக்கு இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்து, இடுப்பிலும் அடி. முதல் இரண்டு நாள் சிறுநீரில் ரத்தம் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் இனி பயமில்லை என்றார்கள். காலில் கயிறு கட்டி, கட்டிலுக்கு வெளியே கனத்தைத் தொங்கவிட்டு, இரண்டு மாதம் அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும் என்றார்கள்.

ரகுநாதன் தினமும் வந்தார். பேப்பர் கொண்டு வந்து டேனியலுக்கு வாசித்துக் காட்டுவார். வாசித்து முடித்ததும் வராந்தாவில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, என்னால்தான், என்னால்தான் என்பார். வேகமாக வந்தேன் என்று போலீஸில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய அண்ணன் காரை விற்கச் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கைத் தொடவே பிடிக்கவில்லை, பஸ்ஸில்தான் ஆபீசுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். விதி என்றேன், மழை என்றேன். உள்ளுக்குள் அவர் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. என் பிள்ளையை இப்படிப் போட்டுவிட்டாரே என்று.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, டேனியலுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது வேகமாகத்தான் வந்தீர்களா என்று கேட்டேன்.

"இல்லம்மா. மழை வந்ததும் மெதுவாதான் வந்தாரு. முன்னாடி நல்லா புடிச்சிகினுதான் இருந்திச்சி. பின்னாடி பூடிச்சி. வெயிட்டே இல்லாத மாதிரி அப்படியே சுத்திச்சி."

அவனுக்கு அது ஒரு தகவல். அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தான். நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கடைக்குப் போய்க் காதர் பாயை அழைத்துக்கொண்டு, கார் கிடந்த ஷெட்டுக்குப் போனேன். முன் டயர்களின் ஓரத்தில் புது ரப்பரின் மயிரிழைகள்கூட இன்னும் குத்திட்டு நின்றன. பின் டயர்களை நான் தடவிப் பார்த்தேன். மிச்சம் இருந்ததும் ஓடுபாதையில் கரைந்து வழவழவென்று இருந்தன. பாய் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"லாரிக்குப் பின்னால நாலு டயரு கீது டீச்சரம்மா. மேல பாரம் வேற அமுக்குது. ஒண்ணு வயுக்கினாலும் மத்தது தாங்கும். இதுக்கு இன்னா கீது? ரெண்டே ரெண்டு. பாரமும் இல்ல. ஈரத்துல முன்னாடி புட்ச்சி, பின்னாடி புடிக்காங்காட்டி சுத்தாம இன்னா பண்ணும்?"

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே பாய் என்றேன்.

"நானும் லாரி டயரு மாட்னவன்தானே. எனக்கே இப்பதான் ஒறைக்கிது."

பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். போலீஸில் வேகம் என்று எழுதியாகிவிட்டது, அந்த மனிதரே ஒப்புக்கொண்டுவிட்டார், பிள்ளை பிழைத்துவிட்டான், இதை இங்கேயே விட்டுவிடலாம் என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னார். கடையையும்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். நான்கு நாள் விட்டும் வைத்தேன். ரகுநாதன் வந்து பேப்பர் வாசிப்பார், வெளியே வந்து என்னால்தான் என்பார். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பேன். இரவில் அல்ல, பகலில்தான் அது என்னை அரித்தது. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம். மகன் படுத்திருக்கும் கட்டிலை விட, வராந்தாவில் அந்த பெஞ்சில் உட்காருவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஐந்தாம் நாள் அவர் காரை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது, இனி வாழ்நாளில் ஓட்ட மாட்டேன் என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. புதிய டயரை முன்னால் போட்டது தவறு, நீங்கள் கேட்டது சரி, எழுதியது நான், உங்கள் மேல் குற்றமில்லை என்று சொன்னேன்.

அவர் கையில் இருந்த பேப்பரை மடித்து பெஞ்சில் வைத்தார். பிறகு, "எனக்குத் தெரியும் டீச்சரம்மா" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"கார் சுத்த ஆரம்பிச்ச நிமிஷத்துலேருந்து."

"பின்னே ஏன் சொல்லல? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவனோட அம்மா. அவன் அங்க அப்படிக் கிடக்கிறப்போ, உங்ககிட்ட வந்து இதை எப்படிச் சொல்றது?" தரையைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒன்று சொன்னார். "தப்பு என்னுதும்தான். என் வண்டி எனக்குத் தெரியும். ஒரு தடவைதான் கேட்டேன். ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும். நீங்க பாத்த பார்வையில பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வாயை மூடிக்கிட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். ஆனால் என்னை அதைப் போல வேறெதுவும் அடித்ததில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதை ஒரு வரியில் நோட்டில் எழுதிவிடலாம். எழுதியும் விட்டேன், பார்த்திருப்பீர்கள். லாரிக்கு முன்னால். பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள காருக்கு நான்கும் ஒன்றாக. இரண்டுதான் கிடைத்தால் பின்னால். ஆனால் நாளைக்கு இந்த இரண்டிலும் சேராத ஒரு வண்டி வாசலில் வந்து நிற்கும். அதற்கு நோட்டில் வரி இருக்காது. அப்போது நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் உங்களைக் கவிழ்க்கும். எனக்கு உப்பு லாரி நன்றாகத் தெரியும். அதனால் எதிரில் நின்ற காரை நான் பார்க்கவே இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் தயங்கி ஒரு வார்த்தை கேட்டால், அவர் தயக்கத்தை அறியாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தினமும் அந்த வண்டியில் உட்காருகிறவர். இரண்டாவது தடவை கேட்க அவருக்குத் தைரியம் வர வேண்டும். அதைக் கொடுப்பதும் கெடுப்பதும் உங்கள் முகம்.

டேனியல் எழுந்து நடக்க நான்கு மாதம் ஆயிற்று. இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அந்தச் செருப்புக்கு மட்டும் அடியில் ஒரு அடுக்குத் தோல் கூட வைத்துத் தைத்திருக்கிறோம். நான் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் கடைக்கு வந்தேன். ஆனால் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் தெரு முனை திரும்புவதற்குள் மறுபடி ஓடிப்போய் டயரைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரே நாளில் மூன்று லாரியைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறேன். அண்ணாச்சி என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டேன்.

ரகுநாதன் காரை விற்கவில்லை. பழுது பார்த்து வைத்திருக்கிறார். இந்த மாதம் சோழவரத்தில் மறுபடி ஓட்டப் போகிறாராம். டேனியல் கூடப் போகிறேன் என்கிறான். வீட்டில் இரண்டு நாள் சண்டை. நான் பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்த்த பிறகு அவன் ஒன்றே ஒன்று சொன்னான். "டயரைத் தொட்டுப் பாக்க அவருக்கு வேற ஆளு யாரு கீறாங்கம்மா?"

வியாழக்கிழமை அந்தக் கார் டயர் மாற்ற உங்களிடம் வருகிறது. நான் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று அண்ணாச்சி சொல்லியனுப்பினார். நான் வர மாட்டேன். அம்மாவாக நின்று பார்த்தால் உலகத்தில் எந்த டயரும் தேறாது. நான்கு புது டயர் வந்தாலும் நான்கிலும் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவேன். அது டயர் தேர்ந்தெடுப்பது ஆகாது.

கப்பலில் இந்தத் தடவை மூன்றுதான் இறங்கியிருக்கிறது என்று காதர் பாய் சொன்னார். மூன்றை வைத்து என்ன செய்வது, அல்லது நான்காவது வரும் வரை காரைத் திருப்பி அனுப்புவதா என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். எனக்குச் சொல்லியனுப்ப வேண்டாம். ரகுநாதனுக்கு ஒரு கருத்து இருக்கும். அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும், வேறு என்ன என்று இன்னொரு தடவை கேளுங்கள். டேனியலும் கூட வருவான். அவனையும் கேளுங்கள். இடது பக்கத்து இருக்கையில் உட்காரப் போகிறவன் அவன்தான்.